ஒரு சாண் தள்ளி

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று சர்ச் வாசலில் யாராவது கேட்டால், கை கழுவக் கற்றுக்கொடுக்கிறேன் என்பேன். கேட்டவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். ஒரு பெரிய மருத்துவமனையில் நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவில் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கழுவாத கை என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்தவர்களுக்கு அந்த விஷயத்தில் சிரிப்பு வராது.

குஷாய்குடாவில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் பயிற்சி நிலையம். நர்சிங் உதவியாளர் படிப்பு. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பெண்கள் வருவார்கள். படுக்கை விரிப்பை மாற்றுவது, நோயாளியைத் துடைத்துவிடுவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, சோறு ஊட்டுவது என்று ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் செய்ய நினைக்காத வேலை எல்லாம் இவர்கள் தலையில்தான் விழும். கீழே கடையில் இரும்புக் குழாய் அறுக்கிற சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மேலே குரலை உயர்த்தி, பாதி தெலுங்கிலும் பாதி ஹிந்தியிலும் பாடம் நடத்துவேன். கோபம் வந்தால் என் வாயில் தமிழ்தான் வரும், அதுவும் அசல் திருநெல்வேலித் தமிழ். அர்த்தம் புரியாவிட்டாலும், நான் தமிழுக்கு மாறினால் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கிருமியைப் பற்றிப் பேசினால் யாரும் நம்புவதில்லை. தலையை ஆட்டுவார்கள், எழுதிக்கொள்வார்கள், பிறகு கழுவின கையைத் துப்பட்டாவில் துடைப்பார்கள். அதனால் ஒரு வேலை செய்வேன். எல்லோருக்கும் கையுறை மாட்டி, அதன் மேல் நீல போஸ்டர் கலரைத் தடவிவிடுவேன். பிறகு, எங்களிடம் இருக்கிற ஒரே ஒரு பிளாஸ்டிக் பொம்மை நோயாளிக்கு விரிப்பு மாற்றச் சொல்வேன். மாற்றி முடித்ததும் கண்ணாடி முன்னால் போய் நிற்க வேண்டும். நீலம் எங்கே எல்லாம் இருக்கிறதோ அங்கே எல்லாம் கிருமி இருக்கிறது, அவ்வளவுதான் பாடம்.

போன வருடத்து வகுப்பில் இதைச் செய்தபோது வழக்கமான இடங்களில்தான் நீலம் இருந்தது. ஒருத்திக்குக் காதோரம், முடியை ஒதுக்கிய இடத்தில். ஒருத்திக்கு மூக்குத்தியில். இன்னொருத்தி செல்போனை முழுக்க நீலமாக்கி வைத்திருந்தாள். ஒரே ஒருத்திக்கு மட்டும் இரண்டு கண்ணிமைகளின் மேலும் அழகாக, வைத்து வரைந்த மாதிரி நீலம் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை.

"கண்ணு அரிச்சுதா?" என்று கேட்டேன்.

இல்லை என்றாள். அவளுக்கே புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் தெலுங்கில் போட்டுக்கொடுத்தாள். விரிப்பை இழுக்கும்போது பொம்மையின் கழன்ற கால் கீழே விழுந்திருக்கிறது. இவள் தெரியாமல் அதை மிதித்துவிட்டாள். உடனே குனிந்து அந்தப் பிளாஸ்டிக் காலைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாளாம். வகுப்பே சிரித்தது.

"பொம்மைக்குமா ஒரு கும்பிடு?" என்றேன்.

"கை அதுவா போயிடுச்சு மேடம்."

வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான், முப்பதைத் தாண்டியவள். தமிழ்க் குடும்பம். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து, மௌலா அலி மலைக்குக் கீழே தங்கிவிட்டவர்கள். அவளுடைய தமிழில் தமிழ் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனாலும் வகுப்பில் என்னோடு தமிழ் பேச இருந்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணமானதிலிருந்து தார்நாகாவில் விஞ்ஞானிகள் குடியிருக்கிற வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் நாலைந்து வீட்டு வேலையை முடித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். ஏன் இந்தப் படிப்பு என்று சேர்ந்த புதிதில் எல்லோரையும் கேட்பேன். மற்றவர்கள் சேவை, லட்சியம் என்று ஏதாவது சொல்வார்கள். அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

"இன்னொருத்தங்க எச்சில் தட்டு இனிமே நக்கோ மேடம். யூனிஃபார்ம் போட்டுட்டு வேலைக்குப் போகணும்."

நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம். இதிலும் எச்சில் உண்டு, மலமும் உண்டு என்று சொன்னேன். "ஹவ் மேடம், தெரியும். ஆனா அது சீக்காளியோடது. சீக்காளி வேணும்னு பண்றதில்லையே" என்றாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் மறந்துவிடுகிற கட்டைவிரலை மறக்காமல் தேய்த்துக் கழுவுவாள். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, சிவப்புத் தொட்டியில் போடுவாள். ஈரக் கையைத் துப்பட்டா பக்கம் கொண்டுபோகவே மாட்டாள். அந்த ஒரு விஷயம்தான் தகராறு. யார் மேலாவது, எதன் மேலாவது கால் பட்டுவிட்டால் போதும். கையில் கையுறை இருக்கிறதா, கையுறையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எந்த யோசனையும் கிடையாது. தொடுவாள், கண்ணில் ஒற்றுவாள்.

இது பக்தி பற்றிய பிரச்சினை இல்லை. கண்ணுக்கு மேலே தோல் கிடையாது. கையில் பட்ட ரத்தமோ சீழோ கையோடு இருக்கிற வரை கழுவிவிடலாம். கண்ணுக்குள் போய்விட்டால் நேரே உள்ளே போன மாதிரிதான். மரியாதை செய்கிறேன் என்று மஞ்சள் காமாலைக் கிருமியைக் கண்ணில் வைத்துக்கொள்வதை எந்தச் சாமியும் கேட்கவில்லை. இதைத் தெலுங்கிலும் ஹிந்தியிலும் சொன்னேன். அவளுக்காகத் தமிழிலும் சொன்னேன். புரிந்தது என்றாள். அவளுக்குப் புரிந்தது, அவளுடைய கைக்குத்தான் புரியவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு மேட்ரன் வருவார். கண்டிப்பான பெண்மணி, அதிகம் பேச மாட்டார், நெற்றியைச் சுருக்கினாலே பிள்ளைகளுக்குப் பாடம் மறந்துபோகும். எனக்கு அவரைப் பிடிக்கும். தேர்வன்று அவளுக்கு வந்தது சிறுநீர்ப் பையைக் காலி செய்கிற வேலை. பொம்மைதான், பைக்குள் டீத்தூள் கலந்த தண்ணீர்தான். ஆனால் தேர்வில் அது சிறுநீர். அவள் ஒவ்வொரு படியையும் சரியாகச் செய்தாள். கடைசியில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அவளுடைய கால் மேட்ரனின் ஷூவில் பட்டது. அந்த ஈரக் கையுறையோடு குனிந்து, ஷூவைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

மேட்ரன் பேனாவை மூடினார். தேர்ச்சி இல்லை.

அவர் செய்தது சரி. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்கிற பழக்கம் எனக்கு இல்லை. மறு தேர்வு ஒன்று உண்டு, அதிலும் போனால் எங்கள் நிலையத்தில் மறுபடி சேர முடியாது என்பதை மட்டும் நின்றபடியே சொன்னேன்.

"அப்பறம் திரும்பப் பாத்திரம்தான் மேடம்" என்றாள். "வீட்டுக்காரர் ஒரு தடவைதான் ஒத்துக்கிட்டாரு. இது போச்சுன்னா அவ்வளவுதான்."

"அப்போ நாளையிலேர்ந்து வகுப்புக்கு முன்னாடியே வா" என்றேன்.

வந்தாள். தினமும் மற்றவர்கள் வருவதற்கு முன் அவளுக்குத் தனிப் பயிற்சி நடந்தது. அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கே கூச்சம்தான். அவள் கையுறை மாட்டிக்கொண்டு விரிப்பு மாற்ற வேண்டும். நான் வேண்டுமென்றே குறுக்கே காலை நீட்ட வேண்டும். அவளுடைய கால் என் காலில் படும், கை பறந்து கண்ணுக்குப் போகும், "ஏட்டி!" என்று நான் கத்துவேன். கீழே குழாய் அறுக்கிறவர்கள்கூட ஒருநாள் என்ன சத்தம் என்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

முகத்துக்கு முன் பிளாஸ்டிக் தடுப்பு மாட்டிக்கொள்ளட்டுமா என்று அவளே ஒரு யோசனை சொன்னாள். கை போனாலும் தடுப்பில் முட்டி நின்றுவிடுமே. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"அதைப் போடுத வேலைக்கு மட்டுந்தான் போடணும். சோறு ஊட்டும்போது போடுவியா? போடாத அன்னைக்கு என்ன செய்வ?"

"சின்ன வயசுல தொட்டுக் கும்பிடலைன்னா அம்மா மண்டையில ஒண்ணு வைப்பாங்க மேடம். பொஸ்தகம், பேப்பர், படி, மனுசங்க, எது மேல கால் பட்டாலும். இப்ப விட்டுட்டா வயித்துக்குள்ள என்னவோ மாட்டிக்கிட்ட மாதிரி பரேஷானா இருக்கு."

எனக்குத் தெரியாதது இல்லை. நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். மனிதர் காலில் விழுவது எங்கள் வீட்டில் கூடாது. ஆனால் பைபிள் கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றாமல் நான் வைத்ததே இல்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைவில்லை. என் மகளுக்கு இதெல்லாம் கிடையாது, காலில் பட்டால் 'ஸாரி' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அவள் இந்தப் படிப்புக்கு வந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏளா, மனுசன மிதிச்சுட்டுப் பேசாம போகணும்னா அது என்ன படிப்பு?"

"நீங்க பேப்பரப் படிங்க" என்றேன்.

இந்த மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகக் காபி குடிப்பார். எனக்குத்தான் அது அன்றைக்கு முழுக்கக் குடைந்துகொண்டிருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை அடங்கியது. முதலில் தோள் வரை உயர்ந்து நின்றது, பிறகு இடுப்பு வரை, பிறகு விரல் மட்டும் துடித்து நின்றது. கடைசியில் நான் காலை நீட்டினால், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவாள். "சபாஷ்" என்றேன். நான் அந்த வார்த்தையை அடிக்கடி சொல்வதில்லை. அவள் சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

மறு தேர்வு பொம்மையோடு இல்லை, உண்மையான வார்டில். மௌலா அலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதே மேட்ரன். அவளுக்குக் கிடைத்தது தனி அறையில் இருந்த ஒரு நோயாளி. வயதான அம்மாள், காலில் ஆறாத புண், எந்த மருந்துக்கும் லேசில் அடங்காத கிருமி. அறை வாசலில் எச்சரிக்கை அட்டை தொங்கியது. உள்ளே போகிற எல்லோரும் கவுனும் கையுறையும் போட்டுத்தான் போக வேண்டும். முகத்துக்குத் தடுப்பு தேவையில்லை. அந்த அம்மாளின் மகனும் மருமகளும் தினமும் வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள் என்று வார்டு நர்ஸ் சொன்னாள். உள்ளே வரலாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் பயமாம். அந்த அம்மாளை யாரும் தொட்டுப் பல நாளாகிறது, தொடுகிறவர்கள் எல்லாம் கட்டுப் போடத்தான் தொடுகிறார்கள் என்றாள்.

விரிப்பு மாற்ற வேண்டும். என் மாணவி கையை சானிடைஸரால் தேய்த்து, கவுன் போட்டு, கையுறை மாட்டினாள். அந்த அம்மாளை அணைத்துப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். புண் இருந்த கால் ஸ்டூலின் மேல், நல்ல கால் தரையில். அழுக்கு விரிப்பை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி எடுத்தாள், தன் உடம்பில் படாமல் கொண்டுபோய்ப் பைக்குள் போட்டாள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. நானும் மேட்ரனும் கவுன் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றோம்.

பையிலிருந்து திரும்பி வரும்போது அவளுடைய கால் அந்த அம்மாளின் பாதத்தில் பட்டது. லேசாக இல்லை, நன்றாகவே இடித்தது.

அவளுடைய விரல்கள் துடித்தன, நின்றன. அவள் அடுத்த வேலைக்குத் திரும்பினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. மேட்ரன் என் பக்கம் பார்த்து மிக லேசாகத் தலையசைத்தார். அத்தனை காலை நீட்டலுக்கும் கத்தலுக்கும் பலன் கிடைத்துவிட்டது, இவள் பாஸ் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் இடிபட்ட காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். "பரவாயில்லை தாயி" என்று தெலுங்கில் சொன்னார். "என்னைத் தொடாதே. தொட்டால் உனக்கும் ஒட்டிக்கொள்ளும்." கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது பழகிவிட்டிருந்தது. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேலையை முடி என்று கண்ணைக் காட்டியிருப்பேன். அந்த நிமிடத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அவள் போய் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையை உள்ளே விட்டு அந்தப் பாதத்தைத் தொட்டாள். விரல் நுனியால் இல்லை, முழு உள்ளங்கையால். பிறகு கை மேலே வந்தது. இடுப்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது. மேட்ரனின் பேனா திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "ஏட்டி" என்று தொண்டை வரை வந்துவிட்டது. தேர்வில் நான் பேசக் கூடாது.

கை நின்றது. முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் கண்களை மூடிக்கொண்டாள், அந்த வெறும் இடத்துக்குத் தலை வணங்கினாள். கைக்கும் கண்ணுக்கும் நடுவில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அந்தப் புண்ணின் கிருமியால் தாண்ட முடியாத தூரம் அது. அந்த அம்மாளுக்கு அந்த இடைவெளி தெரிந்ததா, தெரியவில்லையா என்று எனக்குத் தெரியாது. சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் எழுந்தாள். பாதத்தைத் தொட்ட கையால் சுத்தமான விரிப்பைத் தொடக் கூடாது. யாரும் சொல்லாமல் கையுறையை உரித்து சிவப்புத் தொட்டியில் போட்டு, கையை சானிடைஸரால் தேய்த்துக் காயவிட்டு, புது ஜோடி மாட்டிக்கொண்டாள். புது விரிப்பை விரித்து நான்கு மூலையையும் மடித்துச் செருகினாள். நாற்காலிக்கு அடியில் இருந்த கால் மெதுவாக வெளியே வந்து தரையில் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

அறைக்கு வெளியே வந்து கவுனைக் கழற்றிய பிறகு, "நடுவில் ஒன்று செய்தாளே, அது உங்கள் பாடத்தில் எந்தப் படி?" என்று மேட்ரன் கேட்டார்.

"எங்கள் பாடத்தில் இல்லை" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். நானும் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. அவளுக்காகப் பேசினால் அது தேர்வாக இருக்காது. அவர் வார்டைத் திரும்பிப் பார்த்தார்.

"கை கண்ணில் படவில்லை. கையுறையையும் மாற்றிவிட்டாள்" என்றார், தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொள்கிறவர் போல. "பாஸ்."

வராந்தாவின் கோடியில் வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். பாஸ் என்று நான் சொன்னதும் சட்டென்று என் காலைத் தொடக் குனிந்தாள். நான் இரண்டடி பின்னால் போனேன். எங்கள் வீட்டு வழக்கம் ஒரு பக்கம், இத்தனை வருட உத்தியோகம் ஒரு பக்கம்.

"வார்டுல இருந்து வந்த கை. முதல்ல கழுவு" என்றேன்.

கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு என்று ஒன்று விடாமல், அழுதுகொண்டே கழுவினாள். கழுவி முடிக்கிற வரை நான் காத்திருந்தேன். காகிதத்தில் துடைத்துவிட்டு வந்து மறுபடி குனிந்தாள். இந்த முறை நான் காலை நகர்த்தவில்லை. என் செருப்பைத் தொட்ட கை மேலே வந்து, முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"இனிமே பாத்திரம் நக்கோ மேடம்" என்றாள்.

"நக்கோ" என்றேன். "போ, செருப்பைத் தொட்ட கை, திரும்பக் கழுவு."

அவள் குழாயைத் திறந்தாள். பக்கத்துக் குழாயைத் திறந்து நானும் கை கழுவினேன். கழுவுகிற சாக்கில் முகத்தையும் கழுவிக்கொண்டேன்.